வெளிநாட்டுக் கணவர்

பழனிவேல் வெளிநாட்டுக்காரர் ஆனது ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவரை நிறுத்தி, அவருடைய வாக்காளர் அட்டையை வாங்கிப் பார்த்து, "சார், நீங்க இந்த நாட்டுக்காரர் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி பரிமளா அப்போது வீட்டை ஒட்டிய தன் மாவு மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். மில் சத்தத்தில் காதில் சரியாக விழவில்லை. தும்மிக்கொண்டே வெளியே வந்தவளிடம் பழனிவேல் சொன்னார்:

"என்னைய வெளிநாடுங்குறாங்க."

"பத்தொன்பது வருசமா அட்டைய இந்த ஊருக்கு மாத்துங்க மாத்துங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?" என்றாள் பரிமளா.

நடந்தது இதுதான். நாடுகளில் சில ஏன் மளமளவென்று வளர்கின்றன, சில ஏன் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன என்று ஆராய்கிற நிலையம் ஒன்று. நாட்டை வைத்துச் சோதனை செய்து பார்க்க முடியாது, நாடு பெரிது. அதனால் பக்கத்துப் பக்கத்து ஊர்களாக இரண்டைப் பிடித்து, ஆறு மாதத்துக்கு அவற்றை நாடுகளாக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். செந்துறைக்கு மேற்கே, அரியலூர் மாவட்டத்தின் கடைசி ஊர் வேலிக்காடு. ஓடையைத் தாண்டினால் நல்லாம்பட்டி, அது பெரம்பலூர் மாவட்டம். இரண்டு ஊருக்கும் ஒரே கரிசல், ஒரே மழை, ஒரே கெட்டவார்த்தைகள். ஒரே ஒரு வித்தியாசம், வேலிக்காட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் குழி இருந்தது. ஆகவே வேலிக்காடு வளமுள்ள நாடு, நல்லாம்பட்டி வளமில்லாத நாடு. பழனிவேல் குடியிருந்தது வேலிக்காட்டில், அட்டை இருந்தது நல்லாம்பட்டியில். நடுவில் ஓடைப் பாலத்தில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, பஞ்சநாதன் என்பவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர்தான் எல்லை அதிகாரி.

வேலிக்காட்டில் அமைச்சர்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பரிமளாவுக்கு நிதி விழுந்தது. மில் வைத்திருக்கிறவள், படி அளக்கத் தெரிந்தவள் என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை. கனிமத்துறைச் சீட்டை மட்டும் மூன்று பேர் எனக்குத்தான் விழுந்தது என்று கிழித்து ஆளுக்கொரு துண்டாக வைத்துக்கொண்டார்கள். மூன்று பேரையும் கனிம அமைச்சராக்க வேண்டியதாயிற்று.

முதல் மாதம் நல்லாம்பட்டி மக்காச்சோளத்தையும் பருத்தியையும் விற்று நாலு சதவீதம் வளர்ந்தது. வேலிக்காடு மாதக் கடைசிவரை வளரவே இல்லை. மூன்று கனிம அமைச்சர்களும் குழிக் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு, யார் முதலில் இறங்குவது என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள். ஊர் ஆண்கள் எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நம்மிடம் குழி இருக்கிறது, நமக்கென்ன குறை என்கிற நிம்மதி எல்லார் முகத்திலும் தெரிந்தது.

மாதக் கடைசியில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அறிவரசன் என்கிற இளைஞர் வந்தார். நாடு என்னென்ன உற்பத்தி செய்தது என்று நிதியமைச்சர் ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும். பரிமளா இரண்டு நாளாக யோசித்து எழுதி வைத்திருந்தாள். மூன்று வேளை சமையல், தண்ணீர் எடுத்தது, ஆடு மாடு பார்த்தது, மாமியாருக்குக் கால் அமுக்கியது, மில். அறிவரசன் சிவப்புப் பேனாவை எடுத்து மில்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்தார்.

"ஏன் தம்பி அடிக்கிறீங்க?"

"வூட்டு வேலை இதுல வராதுக்கா. உலகம் பூரா அப்படித்தான்."

"உலகம் பூரா சாப்புடுறாங்கல்ல?"

"சாப்புடுறாங்க. ஆனா அது வராது."

"அப்ப எதுதான் வரும்?"

"கடையில வித்தா வரும். வெளிநாட்டுக்காரங்களுக்குப் போட்டீங்கன்னா ஏற்றுமதி. அது கட்டாயம் வரும்."

பரிமளா மெதுவாகத் திரும்பினாள். உள்ளே பழனிவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை மூன்றாவது முறையாகச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். அறிவரசனும் திரும்பினார். அவர் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

"அவரு எந்த நாடு?" என்று கேட்டாள் பரிமளா.

"நல்லாம்பட்டி" என்றார் அறிவரசன்.

"என்னத்த பாக்குறீங்க ரெண்டு பேரும்? அப்பளம் இருக்கா?" என்றார் ஏற்றுமதி.

அந்த மாதம் வேலிக்காட்டின் ஏற்றுமதிக் கட்டத்தில் தொண்ணூறு சாப்பாடு ஏறியது. நாடு ஒன்பது சதவீதம் வளர்ந்தது. ஒரே ஒரு ஆள் தின்றதற்கு.

செய்தி ஊரில் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு வேம்பு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். "எங்கூட்டு ஆளு மட்டும் என்ன கொறச்சலா திங்கிறாரு? அவரையும் வெளிநாடு ஆக்கு" என்றாள். மறுநாள் பாலத்தில் வேலிக்காட்டு ஆண்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டும் போட்டோவும் வைத்துக்கொண்டு, நல்லாம்பட்டிக் குடியுரிமைக்கு வரிசையில் நின்றார்கள். அந்தப் பக்கத்துப் பெண்களும் சளைத்தவர்களா? அவர்கள் தங்கள் வீட்டு ஆண்களை வேலிக்காட்டுக் குடியுரிமைக்கு அனுப்பினார்கள். இரண்டு வரிசையும் பாலத்தின் நடுவில் இடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் இரண்டு நாட்டு ஆண்களும் மொத்தமாக நாடு மாறிவிட்டார்கள். ஒருவரும் வீடு மாறவில்லை, பாயைக்கூட நகர்த்திப் போடவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் என்றால் விசா வேண்டும். வயலுக்குப் போகும்போது ஒரு முத்திரை, வரும்போது ஒரு முத்திரை. பஞ்சநாதனின் முத்திரை மை நாலாம் நாள் காய்ந்துபோனது. பீட்ரூட்டை நறுக்கிச் சாற்றில் தோய்த்துக் குத்தினார். ஊர் ஆண்கள் எல்லார் கையிலும் சிவப்பு அப்பியிருந்தது. முப்பது நாளைக்கு ஒருமுறை விசா முடியும். அன்றைக்கு எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வரவேண்டும். மறுபடி உள்ளே வர, வீட்டுக்காரி கையெழுத்துப் போட்டுப் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. வேம்பு போட மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஏண்டி, ஆளு வெயில்ல நிக்கிறாருடி" என்றாள் பரிமளா.

"நிக்கட்டும். இந்த ஆளு வேணுமா வேணாமான்னு முப்பது வருசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன். இன்னைக்கித்தான் ஒரு எடம் கெடச்சிருக்கு யோசிக்க" என்றாள் வேம்பு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டாள்.

நான்காம் மாதம் வளர்ச்சி அறுபத்தொரு சதவீதம். தூரத்து நாடு ஒன்றிலிருந்து மூன்று பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு, திருச்சியிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். இந்த வளர்ச்சிக்கு என்ன காரணம் என்று கேட்டார்கள். மூன்று கனிம அமைச்சர்களும் மூன்று பக்கமிருந்து ஓடிவந்து, குழிதான் காரணம் என்று காட்டினார்கள். வந்தவர்கள் குழியை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார்கள். ஒருவர் அதிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். பிறகு பரிமளா வீட்டில் சாப்பிட்டார்கள். அதுவும் ஏற்றுமதிதான்.

பரிமளாவுக்கு அந்த நாட்களில் ஒரு மாதிரி இருந்தது. யாரும் அவளுக்குப் பெரிதாகப் பணம் எதுவும் கொடுத்துவிடவில்லை. ஆனால் சோறு வடிக்கும்போது, இது ஒரு இடத்தில் எழுதப்படுகிறது என்கிற நினைப்பு வரும். ரசம் கொதித்து நுரை கட்டுகிறபோது அவளை அறியாமல் முதுகு நிமிரும். பதினெட்டு வயதிலிருந்து சமைக்கிறாள். இப்போதுதான் முதன்முறையாக அது நடந்தது என்று ஒருவர் எழுதி வைக்கிறார்.

ஐந்தாம் மாதம் தலைமை நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சமைக்கிறவளோடு ஒரே கூரையின் கீழ் தூங்குகிறவர், அட்டை எந்த ஊரில் இருந்தாலும், வெளிநாட்டுக்காரர் ஆகமாட்டார் என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஒரே நாளில் ஆண்கள் எல்லாரும் சொந்த நாட்டுக்காரர்கள் ஆனார்கள். ஒரே நாளில் இரண்டு நாட்டுப் பொருளாதாரமும் சரிந்தது. அன்றைக்கும் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தது, எல்லாரும் மூன்று வேளை சாப்பிட்டார்கள், அவரைக்காய்ப் பொரியல் நன்றாகவே இருந்தது. ஆனாலும் சரிந்துவிட்டது. அடுத்த நாள் அரியலூரிலிருந்து ஒரு நிவாரண லாரி வந்து வீட்டுக்கு ஒரு போர்வையும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்துவிட்டுப் போனது. சித்திரை வெயிலில் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு பழனிவேல் திருதிருவென்று விழித்தார்.

அறிவரசன் பாவம், அழாத குறை. மில் வாசலில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பரிமளா எட்டிப் பார்த்தாள்.

"சமையலுக்கு நேரா என்ன போட்டிருக்கீங்க தம்பி? சைபரா?"

"சைபர் இல்லக்கா."

"பின்ன?"

"சைபர் போடணும்னா ஒரு கட்டம் வேணும். கட்டமே இல்லக்கா."

பரிமளாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் கத்துகிறவள் இல்லை. உள்ளே போனாள். அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைத் துணியால் பிடித்து இறக்கி, கூடத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, மில்லின் முன்பக்கத் தகரக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தாள். திரும்பிப் போய்க் குழம்புச் சட்டியையும் கொண்டுவந்தாள். மாவு மூட்டை மேல் கிடந்த அட்டையில் கரித்துண்டால் ‘சாப்பாடு தயார்’ என்று எழுதிச் சாத்தினாள்.

"கடையில வித்தா வரும்னீங்கல்ல? இது கடை" என்றாள்.

பழனிவேல் வழக்கம்போல் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் வராததால் வெளியே வந்து பார்த்தார்.

"என்ன இது, வாசல்ல வச்சிருக்க?"

"கடைங்க. முப்பது ரூவா குடுத்துட்டு உக்காருங்க."

"எனக்கேவா?"

"உள்நாட்டுக்காரருக்குத் தள்ளுபடி உண்டு. இருபத்தஞ்சு."

சட்டைப்பையைத் தடவி எடுத்துக் கொடுத்தார். பசி. அதே சோறு, அதே குழம்பு, அதே கை. அறிவரசன் அதை விற்பனைக் கட்டத்தில் எழுதினார். மறுநாள் வேம்பும் பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஒரு வாரத்தில் ஊரில் எல்லாச் சட்டிகளும் வெளியே வந்தன. அறுபத்தொன்று எங்கே, எண்பத்துநாலு சதவீதம். ஆறாம் மாத முடிவில் அறிவரசன் நூற்றைம்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதினார். சட்டம், கல்வி, சேமிப்பு, வணிகம், வளம் என்று எல்லாவற்றையும் அலசிவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் முடித்திருந்தார்: ஒரு நாடு வளர வேண்டுமானால் பானையை இருபது அடி நகர்த்த வேண்டும். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நிலையம் ஜெயங்கொண்டம் பக்கம் வேறு இரண்டு ஊர்களைத் தேடிப் போனது. பஞ்சநாதன் மூங்கிலை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பந்தல் போட்டுக்கொண்டார்.

மற்றவர்கள் பானையை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பரிமளா எடுக்கவில்லை. அந்த வழியே கல் ஏற்றிப் போகிற லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த பழனிவேல், ஒரு சனிக்கிழமை வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"இனிமே வூட்டுக்குள்ள சோறே கெடையாதா?"

"ஏன் கெடையாது? நீங்க பொங்குங்க, நான் வந்து சாப்புடுறேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மில்லுக்கு விடுமுறை. பரிமளா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே எதையோ கவிழ்த்த சத்தம், பிறகு கருகிய வாசனை, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. கடைசியில் பழனிவேல் ஒரு தட்டில் உப்புமா கொண்டுவந்து வைத்தார். கட்டி கட்டியாக இருந்தது. உப்பு தூக்கல். அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றாள். அவர் எதிரிலேயே நின்றுகொண்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் வைங்க" என்றாள்.