வண்டு வீட்டைத் தாண்டிப் போனது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரோபோவை வைத்துக் கதை கேட்டார் வாரப் பத்திரிகை ஆசிரியர். "கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும் சார்." அதற்காக ஒரு மாண்டிசோரி வகுப்பின் மூலையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். ஜாலி கிடைக்கவில்லை, ஒரு டீச்சர் கிடைத்தாள். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

'அந்த ரோபோவுக்கும் ஓர் இதயம்...' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அதற்கு இருந்தது பாட்டரிதான்.

உள்ளங்கையளவு பொம்மை. பிள்ளைகள் வைத்த பெயர் வண்டு. முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள். அழுத்திய தடவைக்குத் தக்கபடி நகரும். (கடைசியில் பச்சைப் பொத்தானைத் தட்ட வேண்டும்.) பாயில் மரம், கிணறு, வீடு என்று படங்களை அடுக்கி, வண்டை வீட்டில் நிறுத்துவது பாடம். தவறினால் டீச்சர் திருத்தக் கூடாது. வண்டு நிற்கும் இடமே பிள்ளைக்குச் சொல்லிவிடும். டீச்சர் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

[வீட்டிலும் அவளுக்கு அதுதான் வேலை. பேச்சுக்கு ஆள் கிடையாது.]

3

ஒரு சிறுமி. வகுப்புக்குப் புதிது, யாரோடும் பேசமாட்டாள். அவள் அனுப்பும் வண்டு தினமும் வீட்டைத் தாண்டி, பாயை விட்டு இறங்கி, டீச்சரின் கால் கட்டைவிரலில் முட்டி நிற்கும்.

ஒருநாள் டீச்சர் வாயைத் திறந்துவிட்டாள். "வீடு இங்கேயே வந்துடுச்சு பாரு கண்ணு. எண்ணி அழுத்தணும்."

சிறுமி தலையாட்டினாள். மறுநாளிலிருந்து வண்டு கச்சிதமாக வீட்டில் நின்றது.

"பரவாயில்லையே அக்கா, ஒரே நாள்ல தேத்திட்டீங்க," என்றாள் வகுப்பில் உதவிக்கு இருப்பவள்.

"எண்ணத் தெரியாதவளா இருந்தா வண்டு தினம் ஒவ்வொரு இடத்துல போய் நின்னிருக்கும். எங்கிட்டயே எப்படி வரும்?"

"ஒரு பொம்மை வரலேன்னா இவ்வளவு வருத்தம்?"

"என்னைத் தேடி வந்தது அது ஒண்ணுதான்டி," என்றாள் டீச்சர்.

(இல்லை. சொல்லவில்லை. பாயைச் சுருட்டி வைத்தாள்.)

4

சிறுமி ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்வதாக முடிக்கலாம். ஆசிரியருக்குப் பிடிக்கும்; நான் நம்பமாட்டேன்.

வேறு பள்ளிக்குப் போய்விட்டதாக... வேண்டாம், எழுதக் கை வரவில்லை.

'முன்ன மாதிரி எங்கிட்ட அனுப்புடா' என்று டீச்சர் கேட்டுவிட்டால் என்ன என்பீர்கள். கேட்டபின் வந்தால் அதுவும் பாடம்தானே?

5

ஆகவே இப்படி எழுதுகிறேன். சிறுமி படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் வண்டை எடுத்து, அம்புக்குறியை அழுத்தி, அவள் பக்கம் அனுப்பினாள். அழைக்காமல் அடுத்தவர் பாயை மிதிக்கக் கூடாது என்பது வகுப்புச் சட்டம். வண்டு பாயின் ஓரத்தில் நின்றது.

"மிஸ், பத்தலை," என்றாள் சிறுமி. அந்த வகுப்பில் அவள் பேசிய முதல் பேச்சு.

"தெரியும்மா. நீ கூப்பிடாம உள்ள எப்படி வர்றது?"

சிறுமி யோசித்தாள். வண்டை எடுத்துத் திருப்பி வைத்தாள். அழுத்தத் தொடங்கினாள்.

என் மூலையிலிருந்து அவள் முதுகுதான் தெரிகிறது. வண்டுக்கு நேரே வீடு. அதையும் தாண்டினால் டீச்சரின் கால். நீங்கள் எதிர்ப்பக்கம் இருக்கிறீர்கள். எத்தனை தடவை அழுத்துகிறாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.