கன்றுக்குட்டிக்குப் போர்த்திய கம்பளி

மணிமொழிக்கு முப்பத்தேழு வயது. ஆனால் மூங்கில்துறைப்பட்டுக்காரர்களுக்கு அவள் இன்னும் ஆறு வயதுப் பிள்ளைதான். அந்த ஆறு வயது முகம் ஒரு படக்கதைப் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் ஓர் ஏழைச் சிறுமி குழந்தை ஏசுவைப் பார்க்கத் தொழுவத்துக்குப் போகிறாள். அங்கே நடுங்கிக்கொண்டிருக்கும் கன்றுக்குட்டிக்குத் தன் ஒரே கம்பளியைப் போர்த்திவிட்டுக் கண்ணீரோடு நிற்கிறாள். பதினாறு பக்கம், அவ்வளவுதான் கதை. வெளிவந்து முப்பத்தொரு வருஷமாகியும் ஒவ்வொரு டிசம்பரிலும் மறுபடி அச்சாகிறது. சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகள் என்றில்லை, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளைகளும் அதை வரி விடாமல் ஒப்பிக்கும்.

நடந்தது வேறு. சென்னையிலிருந்து வந்த ஓவியர் ஒருவர், மணிமொழியின் அம்மா சாணி அள்ளிய பண்ணை வீட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற சிறுமியைக் கண்டதும் அவருக்கு யோசனை பிறந்துவிட்டது. கம்பளியை உருவிக் கன்றின் முதுகில் போட்டுவிட்டு, அசையாமல் நிற்கச் சொன்னார். பிள்ளை வெடவெடவென்று நடுங்கி அழுதது. அந்த அழுகையைத்தான் இரக்கம் என்று ஊரே கொண்டாடுகிறது. பத்து வயதில் ஒருமுறை டீச்சரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். என்ன தன்னடக்கம் பார் என்று தலையைத் தடவினார்.

அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் வாயைத் திறக்க ஊர் விடவே இல்லை. கரும்பு டிராக்டர் ஓட்டுகிற செல்லமுத்து அவளைப் பெண் கேட்டு வந்ததே அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான். மாமியாரின் அக்கா படுத்த படுக்கையானபோது, பெற்ற பிள்ளைகள் மூன்று பேர் குத்துக்கல்லாட்டம் இருக்க, கிழவியைக் கொண்டுவந்து இவள் வீட்டில் இறக்கினார்கள். நாத்தனார் இவளுடைய கல்யாணப் பட்டுப்புடவையை வாங்கிப்போய் எட்டு வருஷம் ஆகிறது. யார் வந்து எதைக் கேட்டாலும் முதல் பேச்சு ஒன்றுதான்: "கம்பளியவே குடுத்தவ, இதுக்கா இல்லங்கப் போற?" இல்லை என்ற சொல் தொண்டை வரைக்கும் வரும். வந்து அப்படியே திரும்பிப் போகும். நல்லவள் என்று பேர் வாங்குவதைப் போல ஒரு சிறை இருக்கிறதா என்ன?

இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் விழாவில் அந்தக் கதையை நாடகமாகப் போட்டார்கள். சிறுமி வேஷம் மணிமொழியின் மகள் தனுஷாவுக்கு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை, பனிக்காலம் வந்தால் மூச்சு இழுக்கிறவள்.  நம்மோடு போகட்டும், இவளையும் இதில் மாட்டிவிடக் கூடாது என்று மணிமொழி ஹெட்மாஸ்டர் கலையரசனிடம் போனாள். அவர் சிரித்தபடியே சிறப்பு விருந்தினர் என்று அவள் பேர் போட்ட அழைப்பிதழை நீட்டினார். அவளும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வாங்கிக்கொண்டு வந்தாள்.

விழா பொழுது சாய்கிற நேரத்தில் திறந்த மைதானத்தில் நடந்தது. கல்வராயன் மலைக் காற்று சில்லென்று இறங்கிக்கொண்டிருந்தது. மணிமொழியை மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தனுஷா வந்தாள். அட்டையில் வெட்டிய கன்றுக்குட்டியின் முன்னால் நின்றாள். கம்பளியை எடுக்கவில்லை. கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இது அட்டை. இதுக்கு இன்னாத்துக்குக் கம்பளி? எனுக்குத்தான் குளிருது."

மைதானம் கொல்லென்று சிரித்தது. பிறகு முன்வரிசைப் பிள்ளைகள் வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். கொடு, கொடு என்று பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தனுஷாவின் உதடு பிதுங்கியது. கம்பளியின் நுனியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தன. கலையரசன் மைக்கை மணிமொழியிடம் கொடுத்து, நீங்களே மகளுக்குச் சொல்லுங்கள் என்றார்.

மணிமொழி மைக்கை வாங்கினாள். எழுந்து நின்றாள்.

"குடுக்காத, தனுஷா. அது உன்னுது. நானும் ஒண்ணும் குடுக்கல. எங்கிட்டருந்து உருவிக்கினாங்க."

 முப்பத்தொரு வருஷம் உள்ளே கிடந்த பாரம் இறங்கினாற்போல் அவளுக்கு மூச்சு வந்தது. அதற்குள் கலையரசன் மைக்கை வாங்கிவிட்டார்.

"பாத்தீங்களா? செஞ்ச நல்லதக்கூட நான் செய்யலன்னு சொல்றாங்க. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

கைதட்டல் மைதானத்தை அதிர வைத்தது. யாரோ அவள் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்கள். அதைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் பழகிப்போன கை அதன்பாட்டுக்கு எழும்பிக் கும்பிட்டது.

தனுஷா மட்டும் கம்பளியோடு படியிறங்கிக் கூட்டத்துக்குள் நடந்தாள். யாராவது கையை நீட்டித் தடுத்துவிடுவார்களோ என்று மணிமொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. எல்லோரும் மேடையில் நின்ற மணிமொழியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.