ஆறாம் எண் பெண்மணி

வாடிக்கையாளரின் மனச்சாட்சி வாய் திறந்து பேசும் அறை அது என்று சந்தை ஆய்வு நிறுவனத்தின் கையேடு சொன்னது. அன்று மனச்சாட்சிக்கு எட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்திருந்தது ஏழு பேர்.

வீட்டில் துணி துவைக்கும் பெண்கள் எட்டுப் பேர் வேண்டும், கலந்துரையாடலை நடத்துபவரை அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் அமர்வு செல்லாது. ஆள் சேராமல் ஏற்கெனவே இரண்டு அமர்வு பாழாகியிருந்தது. மூன்றாவதும் போனால் வேலையும் போகும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அமர்வை நடத்த வேண்டியவள், அலுவலகத்தில் கேள்விக்காரி என்று பெயர் வாங்கியவள், அடுத்த தெருவிலிருந்த அத்தைக்குப் போன் போட்டாள்.

"அத்தை, என்னைத் தெரியாத மாதிரி உக்காரணும்."

"உங்கப்பன் கல்யாணத்துலயே நான் அப்படித்தான் உக்காந்திருந்தேன். வர்றேன், வை."

அறைச் சுவரில் பெரிய கண்ணாடி. இந்தப் பக்கம் பார்த்தால் நம் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம், இருட்டில், சலவைத்தூள் கம்பெனியின் இயக்குநர். அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கேள்விக்காரிக்குத் தெரியாது.

"உங்களுக்கும் உங்க துணிக்கும் என்ன உறவு?" கேள்வித்தாளில் அப்படித்தான் இருந்தது. ஐந்து பேர் வாசனை, மென்மை என்றார்கள். ஆறாம் எண் நாற்காலியில் அத்தை.

"உறவாவது! அழுக்கைப் பாத்தாலே ஆத்திரமா வரும்டி."

அந்த 'டி' காதில் விழாதது போலக் கேள்விக்காரி தாளில் குறித்துக்கொண்டாள். ஏழாம் எண் டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முன்னாடியே பழக்கமா?"

"நான் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். நீ ஏன்டி குறுக்க பேசுற?"

டீச்சர் அடங்கினார். அத்தை அடங்கவில்லை. மேசையிலிருந்த கம்பெனிப் பாக்கெட்டைத் தட்டினார். "இந்தப் பொடியில நுரைதான் வருது, அழுக்கு போறதில்ல. கை ரெண்டும் எரியுது."

கதவிடுக்கு வழியாக இயக்குநரின் சீட்டு ஒன்று வந்தது: 'ஆறாம் எண் போக வேண்டாம். நான் பேச வேண்டும்.' மீதி அரை மணி நேரம் என்ன கேட்டோம் என்று கேள்விக்காரிக்கு நினைவில்லை. சீட்டு உள்ளங்கையில் கூழாகிவிட்டது.

எல்லோரும் போனதும் இயக்குநர் வந்தார். "இந்தம்மாவை எங்க பிடிச்சீங்க?"

"ஆள்... ஆள் சேக்குறவங்க மூலமா, சார்."

"மத்தவங்க எல்லாம் நமக்குப் பிடிச்சதைச் சொன்னாங்க. இவங்க ஒருத்தர்தான் கை எரிய எரியத் துவைச்சவங்க. பொடியோட கலவையையே மாத்தச் சொல்லிட்டேன்."

கேள்விக்காரி அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்தார்.

அத்தை வீட்டில் இருபத்திரண்டு வருடமாகத் துணி துவைப்பவர் மாமா.