குழிமூக்கு ரவை

மர்டோ புது ஏர்கன் வாங்கியதிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. குட்டை ரகம் அது, ஒரு தடவை ரவை நிரப்பினால் அடுத்தடுத்துச் சுடலாம். குழலில் பாதியைத் தோளில் வைக்கும் கட்டைக்குள்ளேயே ஒளித்து வைத்திருப்பார்கள். பழைய நீளத் துப்பாக்கி வண்டிக் கதவில் இடிக்கிறது, வேலிக் கம்பியில் மாட்டுகிறது என்று வருஷம் முழுக்கப் புலம்பித்தான் இதை வாங்கினான். அதைச் சுற்றி ரவை டப்பாக்கள், உருண்டைத் தலை ஒரு ரகம், நுனியில் குழி விட்ட குழிமூக்கு ஒரு ரகம். ஒவ்வொரு ரவையையும் விளக்கடியில் உருட்டிப் பார்த்து, விளிம்பு நசுங்கியதை ஒதுக்கிவிடுவான். என் பிறந்தநாளை மறந்துவிடுவான், இதில் மட்டும் குறை வைக்க மாட்டான்.

"உருண்டைத் தலை போதும் மர்டோ. முயல் மண்டைக்குள்ள நேரா இறங்கிரும்."

"குழிமூக்கு உள்ள போனதும் பூ மாதிரி விரியும். அடிச்ச எடத்துலயே விழும்."

"பக்கத்துல இருந்தா விரியும். தூரத்துல வேகம் செத்துப் போயி தோல்லயே விரிஞ்சா என்ன பண்ணுவ?"

"நீ எத்தன சுட்டிருக்க, நான் எத்தன சுட்டிருக்கேன், யோசிச்சுப் பேசு."

"சுட்டது நீதான் ஜாஸ்தி. நம்ம ரெண்டு பேரும் தின்னது பூரா என் முயலு."

மேஜைக்கு அடியிலிருந்து ஹோக்கி உறுமியது. நான் காலை நகர்த்தியதற்கு. பன்றி வேட்டைக்குப் பழக்கிய கலப்பு நாய். மர்டோவின் தம்பி வைத்துக்கொள்ள முடியாமல் இவன் தலையில் கட்டியது. வந்த வருஷமே என் கெண்டைக்காலைப் பிடுங்கியது. போன கோடையில் பக்கத்துப் பண்ணைக்காரரின் தொடையைக் குதறியது. அன்றைக்கு இந்த மேஜையில் உட்கார்ந்துதான் மர்டோ சொன்னான், "இன்னொரு தடவ யாரையாவது கடிச்சா நானே சுட்டுடுறேன், நைரி. சத்தியமா." நானும் நம்பினேன். கட்டிக்கொண்டவன் சத்தியம் செய்தால் நம்பாமல் என்ன செய்வது?

சனிக்கிழமை சாயங்காலம் புதுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க மலைச்சரிவுக்குப் போனோம். தைம் மூலிகைப் புதர்களுக்கு நடுவே முயல்கள் வெளியே வரும் நேரம். தரையில் உறைபனி பிடிக்க ஆரம்பித்திருந்தது. நாயை வண்டியில் கட்டிப் போடு என்றேன். "சும்மாதான படுத்திருக்கு, விடு" என்றான்.

பாறைமேல் துப்பாக்கியை வைத்து, சரிவின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த முயலைக் குறி பார்த்தான். தூரம் அதிகம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சுட்டுவிட்டான். முயல் விழவில்லை. கத்தியது. அடிபட்ட முயலின் கத்தலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், பச்சைக்குழந்தை அலறுவது போலவே இருக்கும். எனக்கு அது ஆகவே ஆகாது. நான் ஓடினேன். தோள்பட்டையில் தோல் கிழிந்து ரத்தம் வழிய, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கி, கழுத்தைத் திருகக் கை வைத்தேன்.

ஹோக்கி வந்ததை நான் பார்க்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலே கவ்வி என்னைக் கீழே இழுத்துப் போட்டது. பன்றி நாய் கடித்துவிட்டு ஓடாது, பிடித்துக்கொண்டே இருக்கும். அப்படித்தான் அதைப் பழக்கியிருந்தார்கள். அது தலையை உதறியபோது உள்ளே எலும்பு முறியும் சத்தம் கேட்டது. கையில் கிடைத்த கல்லால் அதன் முகத்தில் அடித்தேன். மூக்கு பிளந்தது. கண்ணுக்குள் கட்டைவிரலை விட்டு அழுத்தினேன். அது இன்னும் இறுக்கியது.

மர்டோ மூச்சிரைக்க வந்து நின்றான்.

"ஹோக்கி, விடுடா. விடு செல்லம்."

"சுடு" என்றேன்.

"ஹோக்கி, நல்ல பையன்ல, விடு."

"மர்டோ, சுடு."

இரண்டு தப்படி தள்ளி நின்று துப்பாக்கியைத் தோளில் வைத்தான். ஸ்கோப்பில் கண்ணை வைத்தான். இந்தக் குட்டைத் துப்பாக்கிகளில் ஸ்கோப் குழலுக்கு நாலு விரற்கடை மேலே உட்கார்ந்திருக்கும். தூரத்துக்குச் சரிசெய்து வைத்ததில் இவ்வளவு கிட்ட சுட்டால், குறி காட்டும் இடத்துக்கு நாலு விரற்கடை கீழேதான் ரவை போகும். கொட்டகையில் அட்டை மாட்டி அந்த வாரம் முழுக்க எனக்கே பாடம் எடுத்தவன் அவன். நாய்த் தலைக்கு நாலு விரற்கடை கீழே என் கை இருந்தது.

"ஸ்கோப்ப பாக்காத. கிட்ட வா. காதுல வெச்சு அழுத்து."

"என்னால கிட்ட வர முடியாது, நைரி."

"வா."

சுட்டான். ரவை என் உள்ளங்கை அடிமேட்டில் நுழைந்தது. அவன் சொன்னது சரிதான், குழிமூக்கு உள்ளே போனதும் பூ மாதிரிதான் விரிகிறது. இரண்டு விரல்கள் என்னுடையவை இல்லை என்பது போலத் தொங்கின. நாய் விடவில்லை.

முழந்தாளில் எழுந்து, இன்னொரு கையால் குழலின் நுனியைப் பிடித்து இழுத்தேன். குழலோடு அவனும் வந்தான். நுனியை ஹோக்கியின் காதுக்குள் நானே வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப அழுத்து."

"அது என்னையே பாக்குது, நைரி."

"நானுந்தான் பாக்குறேன்."

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். சின்ன சத்தம்தான். ஹோக்கியின் உடம்பு ஒருமுறை விறைத்து என் மடிமேல் சரிந்தது. என் கையில் இறங்கியிருந்த பற்களை ஒவ்வொன்றாக நானே விடுவித்தேன். பக்கத்தில் முயல் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. பூட்ஸ் குதிகாலால் அதன் தலையை மிதித்து முடித்தேன்.

மர்டோ உறைபனியில் உட்கார்ந்து நாயின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். "மன்னிச்சிடுடா, என்ன மன்னிச்சிடு" என்று அதன் கிழிந்த மூக்கைத் தடவினான். முப்பது வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அவன்மேல் வந்த வெறுப்பில் குளிர்கூடத் தெரியவில்லை.

"நைரி" என்றான் நிமிராமல். "வண்டியில போர்வ இருக்கு. எடுத்துட்டு வா."

அந்த வெறுப்பு அப்படியே இறங்கிவிட்டது. ஒருவழியாக என் கை ஞாபகம் வந்ததே என்று நினைத்தேன். தள்ளாடிப் போய் போர்வையை எடுத்து வந்து அவனிடம் கொடுத்தேன். சுற்றிக் கட்டட்டும் என்று அவன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவன் போர்வையை உதறி ஹோக்கியின் மேல் போர்த்தினான். நான்கு பக்கமும் நன்றாகச் செருகிவிட்டான்.