இரண்டரை மணி நேரத்தில் துபாய்

பூதலூர்ப் பக்கத்து வாய்க்கால்களில் காலமெல்லாம் லஸ்கராக மதகு திறந்து மூடி ஓய்வு பெற்றவன் நான். கல்லணையில் தண்ணீர் விட்டால் எந்த வயலுக்கு எப்போது எட்டும் என்பதை, தண்ணீரே என்னிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்பும். இப்பேர்ப்பட்டவன் ஒரு விமான டிக்கெட்டைப் படிக்கவா அடுத்தவரைக் கேட்பேன்?

மகள் ஆஷ்லின் துபாயிலிருந்து டிக்கெட் அனுப்பியிருந்தாள். திருச்சியில் காலை பத்து மணிக்குக் கிளம்பி, துபாயில் பன்னிரண்டரைக்கு இறங்கும் என்று போட்டிருந்தது. கழித்துப் பார்த்தேன். மூவாயிரம் கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம்! இதை ஊர் முழுக்கச் சொல்லி முடிக்கத்தான் இரண்டு நாள் ஆனது.

இந்தக் கணக்கை நம்பி ஒரு சபதமும் எடுத்திருந்தேன். விமானத்துக் கழிப்பறை உட்கார்ந்த ஆளை வேட்டியோடு உறிஞ்சி மேகத்தில் துப்பிவிடும் என்று எங்கோ கேட்டேன். நாலு பேரிடம் கூட்டிச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். அதற்குள் காலடி வைப்பதில்லை என்று முடிவு.

விமான நிலையத்தில் என் மனைவி அக்னஸ், "ஏறுறதுக்கு முன்னாடி ஒருதடவ போயிட்டு வந்துருங்களேன். காலையிலேர்ந்து சொம்பு சொம்பா மோர் குடிச்சிருக்கீங்க" என்றாள்.

"ரெண்டரை மணி நேரந்தானே. மதகு தாங்கும்."

ஜன்னலோரம் நான், நடுவில் அக்னஸ், வழியோரம் நாகூர்க்காரர் நெய்னா முகம்மது. துபாயில் கடை வைத்திருக்கிறாராம். பணிப்பெண் கொடுத்த ஜூஸைக் குடித்தேன். அக்னஸ் வேண்டாமென்ற ஜூஸையும் குடித்தேன்.

என் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. கீழே கடல், கடல், கடல். என் அடிவயிற்றிலோ மேட்டூர் அணை நூற்றிருபது அடியைத் தொட்டு நின்றது.

"ஏங்க பாய், பைலட்டு வழி மாறிட்டாரா?"

"ஏண்ணே?"

"பன்னெண்டரைக்கு இறங்கணுமே!"

அவர் என் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். "இது நம்மூரு மணிண்ணே. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னாடி. அங்க இப்பதான் பதினொண்ணு. டிக்கெட்ல அந்தந்த ஊரு மணியத்தான் போடுவாங்க. மொத்தம் நாலு மணி நேரம். இன்னும் ஒன்றரை இருக்கு."

நாலு என்றதும் அணையில் இன்னும் ஓரடி ஏறியது.

அக்னஸ் நிதானமாகத் திரும்பினாள். "என்ன, மதகு தாங்குமா?"

"எழுந்திரிடி."

"உறிஞ்சிருமே?"

"உறிஞ்சட்டும். வழிய விடு!"

வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஓடிய வேகத்தில் விமானம் அரைமணி முன்னதாகவே துபாய் போயிருக்க வேண்டும். உள்ளே அன்று நான் திறந்துவிட்ட அளவைப் பார்த்திருந்தால் கடைமடை விவசாயிகள் எனக்கு மாலை போட்டிருப்பார்கள். பிறகு கண்ணை மூடி, வேளாங்கண்ணி மாதாவை வேண்டி, பொத்தானை அழுத்தினேன். பெரிய உறுமல். கண்ணைத் திறந்தேன். வேட்டி நுனிகூட அசையவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

துபாயில் ஆஷ்லின், "பயணம் எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள்.

"ஒங்கப்பா வானத்துலயே வாய்க்கா வெட்டிட்டாரு" என்றாள் அக்னஸ்.

திரும்பும் டிக்கெட்டையும் பார்த்துவிட்டேன். மதியம் ஒன்றரைக்குக் கிளம்பி, திருச்சியில் மாலை ஏழுக்கு இறங்குகிறது. எனக்கு இப்போது கணக்குத் தெரியும், நாலு மணி நேரம்தான். ஆனால் பூதலூரில் ஐந்தரை என்றுதான் சொல்வேன். எதிர்க்காற்று என்பேன், யார் கேட்கப்போகிறார்கள்?

ஆஷ்லினிடம் மட்டும் வழியோர சீட்டாகப் பார்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.