எண்பத்திரண்டு வயதுக்காரரின் தூக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கை அறுவைச் சிகிச்சையின்போது எனக்குக் காது கேட்டது என்றேன். "கனவுடி" என்றாய். ஆகவே முதலில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன்.

என் வலது முழங்கைப் பக்கம் முக்காலியில் எலும்பு டாக்டர். அவருக்கு எதிரே கருவி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ். கால்மாட்டில் சுவரை ஒட்டி இன்னொரு நர்ஸ். அவர் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஆடும்போதெல்லாம் டக்கென்றது. தலைமாட்டில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா. என் கண்ணில் டேப் ஒட்டியிருந்தது. எல்லாம் காதால் பார்த்தவை.

எலும்பு டாக்டர் தம் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார். "பிளம்பர் வர்றேங்கறான், வரமாட்டேங்கறான்." நர்ஸ் சொன்னார்: "நீங்களே துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கிடுங்க சார், அதான் தினமும் பண்றீங்களே." சிரித்தார்கள். அப்போதுதான் துளைக்கும் கருவி ஓட ஆரம்பித்தது. வலியைப் பற்றி எழுதினால் நீ அழுவாய். கால் சுண்டுவிரலை ஒரு தரம் அசைத்தால் போதும், கால்மாட்டு நர்ஸ் பார்த்துவிடுவார் என்று உயிரையெல்லாம் திரட்டி அங்கே அனுப்பினேன். விரல் என்னுடையதாகவே இல்லை.

இப்போது கை மடங்கவில்லை. திரும்பவும் கத்தி வைக்காவிட்டால் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்க முடியாது, வேலை போய்விடும். வைத்தால் மறுபடி அந்த மேசை. போன வாரம் டாக்டரம்மாவிடம் நேரே போய்க் குழாய்க் கதையைச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மூச்சு வழியா போற மருந்துக்கு ஒரு அளவு இருக்கும்மா. கத்தி படும்போது நூறு பேர்ல அம்பது பேர் அசையாம இருக்கற அளவு எதுவோ, அதுக்கு 'ஒண்ணு'ன்னு பேரு."

"மீதி அம்பது பேரு?"

"அதுக்குத்தான் வேற மருந்தும் சேர்ப்போம். நினைவு போறதுக்கு 'ஒண்ணு'ல பாதிகூட வேண்டாம், பெரும்பாலும். சிலருக்குக் கூடுதலா வேணும். ஆனா வயசு ஏற ஏற மருந்து கம்மியா போதும். அதனால மெஷின்ல வயசைப் போடணும். உங்களுக்கு முன்னாடி அந்த மேசையில இருந்தவருக்கு எண்பத்திரண்டு. நான் மாத்தல. திரையில அளவு சரியாத்தான் தெரிஞ்சுது. அது அவருக்குச் சரி. உங்க இருபத்தஞ்சுக்குப் பத்தல. தசையைத் தளர்த்தற மருந்தும் போட்டிருந்தேன். நீங்க அசைஞ்சு காட்டவும் வழியில்ல."

"எப்ப தெரிஞ்சுது?"

"அடுத்த ஆளுக்கு வயசு மாத்தப் போனப்ப. நீங்க ஒண்ணும் சொல்லல. தூங்கிட்டீங்கன்னு நம்பிக்கிட்டேன்."

முந்தின ஆளின் பவரை அழிக்காமல் அடுத்தவருக்கு லென்ஸ் தேய்த்த கதைதான் அக்கா. எனக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததால் பயம் போகவில்லை. அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாகத் தூங்கி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அவருடைய தூக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. சாண் பிள்ளைக்கு முழச் சட்டை போட்டால் தொளதொளக்கும், இது அதற்கு நேர்மாறு. எப்படி இழுத்தாலும் எங்கோ ஓரிடம் மூடாமல் நிற்கிறது. பகலில் நாற்காலியிலேயே தலை தொங்குகிறது. குழாய் சொட்டினால் விழித்துவிடுகிறேன், விழித்தால் கைகால் அசைவதில்லை. முகம் தெரியாத ஒரு கிழவர் எனக்குள்ளே இருமக் காத்திருப்பதுபோல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் முதலில் "என்ன தாத்தா, எழுந்தாச்சா?" என்று கேலி செய்தார். ஒரு நாள் நான் பதில் சொல்ல முயன்றும் வாய் திறக்காததைப் பார்த்தார். பிறகு கேட்பதில்லை.

வியாழக்கிழமை மறுபடி அந்த மேசைக்குப் போகிறேன். மேசையில் படுத்ததும் என் வயதை நானே சொல்ல வேண்டும், டாக்டரம்மா அதைப் பதிந்து திரையை என் பக்கம் திருப்ப வேண்டும். ஒப்புக்கொண்டார். மூளை விழித்திருக்கிறதா என்று பார்க்க நெற்றியில் ஒரு பட்டையும் ஒட்டுவாராம்.

நீ வா. வெளியே உட்கார். நான் கண் திறந்ததும், எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே. யார் யார் எங்கே இருந்தார்கள் என்று கேள். தெரியாது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லும்வரை கேள்.

பசையை இடது கையால் தடவி உறையை ஒட்டப்போகிறேன். தபால் பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது. நானே நடந்துபோய்ப் போடுகிறேன்.

உன் தங்கை