கடைசிப் பாட்டு முடிந்ததும்

இசைத்தட்டை உறைக்குள் நுழைத்து, அட்டையின் மூலையில் வட்ட ஸ்டிக்கரை ஒட்டி, பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. நூறு தட்டுக்கு ஒன்றைச் செவிடனிடம் கொடுக்க வேண்டும். அவன்தான் போட்டுக் கேட்டுப் பார்ப்பவன். நாளெல்லாம் ஹெட்போனால் காதை அடைத்திருப்பதால் அந்தப் பேர். முதல் பாட்டில் அரை நிமிஷம் கேட்டால் அவன் வேலை முடிந்தது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் இந்தத் தட்டில் உள்ள ஆல்பத்தைப் பதிவு செய்த ஸ்டுடியோவில் அவள் தரை துடைத்தாள். ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று கூடவே கூட்டிப் போயிருந்தாள். கடைசிப் பாட்டு முடிந்த அமைதியில், "அம்மா, முடிஞ்சிருச்சா?" என்று சின்னது கேட்டதும் பதிவாகிவிட்டது. வேலை போச்சு என்று நடுங்கினாள். பாட்டுக்காரர்கள் சிரித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்கு முன் மகள் போய்விட்டாள்.

வீட்டுக் கேசட்டில் அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டதில், அந்த இடத்திலேயே நாடா தேய்ந்து அறுந்தது. பத்து வருஷம் கழித்து ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது கடைசிப் பாட்டையே காணோம். போனில் தேடினாலும் அந்தக் குறைப் பதிப்புதான் வருகிறது. இந்தத் தடவை எல்லாப் பாட்டும் உண்டு என்றார்கள்.

"தம்பி, கடைசிப் பாட்டை முழுசா ஒருதரம் போடேன்."

பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "பாட்டுக்காரங்களுக்குச் சம்பந்தி மாதிரி கேக்குறா பாரு!"

"சாப்பாட்டு மணி அடிக்கட்டும்க்கா," என்றான் செவிடன்.

மணி அடித்தது. டப்பாவைத் திறக்காமலே போய் நின்றாள். ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டான். பாட்டு முடிந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை.

"இன்னொருதரம் போடு தம்பி."

போட்டான்.

"எதைக்கா தேடுறீங்க?"

"ஒரு பிள்ளை பேசும்."

"அதுவா? பழசுல இருந்த வேண்டாத சத்தத்தையெல்லாம் எடுத்துட்டாங்கக்கா. நீங்க ஒட்டுற ஸ்டிக்கர்லயே போட்டிருக்கே."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து எண்ணூறு ஒட்டியிருப்பாள். சுருளிலிருந்து அடுத்ததை உரித்து ஒட்டினாள். 'இரைச்சல் நீக்கப்பட்டது.'

"கோணலா ஒட்டாதம்மா, திரும்பி வந்துரும்," என்றார் மேஸ்திரி, அவளைத் தாண்டிப் போகும்போது.

உரித்தெடுத்து, நேராக வைத்து, காற்று நிற்காமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.